பழைய கண்ணாடித் தகடுகளில் தோட்டக்கலை வகுப்பு: 1890–1920 அமெரிக்கக் கல்லூரிப் படங்களை எப்படிப் படிப்பது?

#1 கரிசல்காடு

அமெரிக்க வேளாண் கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் அந்தக் காலத்தில் எடுத்த தோட்டக்கலைப் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் தலைப்பு "பழத்தோட்டத்தில் மாணவர்கள்" என்ற அளவில் நின்றுவிடுகிறது. தமிழில் விளக்கக் குறிப்பு எழுத ஆறு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அ. ஆளுயர மர மேடை. மேலே இரண்டு பீப்பாய், கீழே குதிரை வண்டியில் ஒரு பீப்பாய். உள்ளே பால் போன்ற திரவம்.
ஆ. அடுப்பில் பெரிய இரும்புக் கொப்பரை. உள்ளே கன்னங்கரேல் என்று ஏதோ கொதிக்கிறது.
இ. நீள மேசை, ஜன்னலுக்கு வெளியே பனி. இளைஞர்கள் கத்தியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஈ. செர்ரி மரம். பூங்கொத்துகள் மேல் காகிதப் பைகள்.
உ. சாய்வு மேசைகள், மரப்பெட்டிகளில் ஆப்பிள் அடுக்கும் வகுப்பு.
ஊ. அருகருகே இரண்டு ஆப்பிள் மரம். ஒன்றில் காய் தொங்குகிறது, இன்னொன்றில் இலை மட்டும். "மருந்து அடித்தது, அடிக்காதது" என்று போடலாமா?

#2 மயில்துத்தம்

அ படம் போர்டோ கலவை, அதாவது பூஞ்சண நோய்க்கு அடிக்கும் செம்பு-சுண்ணாம்பு மருந்து. மேடையைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம்.

அன்றைய ஆப்பிள் தோட்டக் கணக்கு 4-4-50. மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 4 பவுண்டு, சுட்ட சுண்ணாம்பு 4 பவுண்டு, தண்ணீர் 50 காலன். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், ஆக 189 லிட்டரில் 1.81 கிலோ. நம் ஊரில் காப்பிக்கும் பாக்குக்கும் அடிக்கும் 1 சதவீதப் போர்டோ கிட்டத்தட்ட அதேதான்.

மேடை எதற்கு என்றால், துத்தக் கரைசலையும் சுண்ணாம்புப் பாலையும் தனித்தனியாக 25 காலனுக்கு நீர்க்க வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் கீழ்ப் பீப்பாயில் விழ விட வேண்டும். மேலே இருந்தால் குழாயைத் திறந்தால் போதும், தூக்கி ஊற்ற வேண்டாம். கெட்டிக் கரைசல் இரண்டைச் சேர்த்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றினால் வீழ்படிவு திப்பி திப்பியாகத் திரளும். அது அடியில் தங்கும், தெளிப்பு முனையை அடைக்கும், இலையிலும் ஒட்டாது. நீர்க்கக் கலந்தால் கூழ் போல மெல்லிதாக வரும், மணிக்கணக்கில் மிதக்கும். அதையும் அன்றைக்கே அடித்துத் தீர்க்க வேண்டும். மறுநாள் வைத்தால் படிகம் கட்டிப் பிடிப்பு போய்விடும்.

துத்தத்தைக் கரைக்க ராத்திரியே சாக்குத்துணியில் கட்டி, பீப்பாயின் மேல்மட்டத் தண்ணீரில் தொங்க விடுவார்கள். கரைந்த நீர் கனமாகிக் கீழே இறங்கும், புது நீர் மேலே ஏறும். அடியில் போட்டால் காலையில் பாதி அப்படியே கிடக்கும். படத்தில் பீப்பாயின் குறுக்கே குச்சியும் அதில் ஒரு கயிறும் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பாத்திரம் மரமாகத்தான் இருக்கும், ஏனென்றால் இரும்பு பட்டால் செம்பு அதில் படிந்துவிடும்.

அதையே சோதனையாகவும் வைத்துக்கொண்டார்கள். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கினால் செம்பு ஏறக் கூடாது. ஏறினால் சுண்ணாம்பு பற்றவில்லை, இலை கருகும். கல்லூரியில் இன்னொரு வழியும் சொல்லிக் கொடுத்தார்கள்: பொட்டாசியம் ஃபெரோசயனைடு ஒரு சொட்டு விட்டால் செம்பழுப்பாக மாறக் கூடாது. மேடை ஓரத்தில் சின்னப் புட்டி தெரிந்தால் அதுவாக இருக்கலாம்.

#3 கரிசல்காடு

> உள்ளே பால் போன்ற திரவம்

போர்டோ நீலம் ஆயிற்றே. படத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளை வெளேர் என்று இருக்கிறதே?

#4 கண்ணாடித்தகடு

அதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். படத்தின் கருப்பு வெள்ளையை நம் கண்ணின் கருப்பு வெள்ளை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் காலத்துச் சாதாரண உலர் தகடு (ஒளி பட்டால் மாறும் பூச்சுள்ள கண்ணாடி, அன்றைய ஃபிலிம்) நீலத்துக்கும் ஊதாவுக்கும் மட்டும்தான் அசையும். அதற்கு நீலம் என்றால் வெள்ளை. வானம் வெளுத்துக் கிடப்பதும் அதனால்தான், மேகம் தெரியாது. பச்சை, மஞ்சள் கருக்கும். சிவப்பு சுத்தமாகக் கருப்பு. ஆர்த்தோகுரோமேட்டிக் தகடு (1873-இல் ஃபோகல் சாயம் சேர்த்துக் காட்டிய வழி) பச்சை மஞ்சளை ஓரளவு பிடிக்கும், சிவப்பு அதற்கும் குருடு. எல்லா நிறத்துக்கும் அசையும் பான்குரோமேட்டிக் தகடு கடைக்கு வந்தது 1906-இல். கல்லூரி இருட்டறைகளில் அது சாதாரணமாவதற்கு இன்னும் பல வருடம் ஆயிற்று, ஏனென்றால் அதைச் சிவப்பு விளக்கில் கழுவ முடியாது.

உங்கள் அ படத்துக்கு இதை வைத்துப் பாருங்கள். வெளிர்நீலப் போர்டோ பாலாகத் தெரிகிறது. இதே காரணத்தால் "இலை முழுக்க மருந்து எப்படிப் படிந்திருக்கிறது பாருங்கள்" என்று காட்டும் நெருக்கப் படங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். கரும்பச்சை இலை கருப்பாகவும் நீலப் பூச்சு வெள்ளையாகவும் விழுந்து, படிவு கண்ணால் பார்ப்பதைவிடக் கெட்டியாகத் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை, தகட்டின் குணம் அது.

ஊ படத்தில் இதுவே தலைகீழாக வேலை செய்கிறது. சிவந்த ஆப்பிளும் கருப்பு, இலையும் கருப்பு. பால்ட்வின் மாதிரிச் சிவப்பு ரகம் காய்த்துக் குலுங்கினாலும் காய் இலைக்குள் மறைந்துவிடும். பக்கத்தில் ரோட் ஐலண்ட் கிரீனிங் மாதிரி வெளிர்ப்பச்சை ரகம் இருந்தால் விளக்கு ஏற்றியது போல் நிற்கும், அதுவும் மஞ்சள் வடிகட்டி போட்டு ஆர்த்தோ தகட்டில் எடுத்திருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே "அடித்தது, அடிக்காதது" என்று போடாதீர்கள். முதலில் ரகம் எது என்று பாருங்கள். பெரிதாக்கினால் வெறும் மரத்திலும் காயின் மேல் சின்ன வெண்புள்ளி, அதாவது வானத்தின் எதிரொளி, தெரியும். புள்ளியை எண்ணுங்கள்.

#5 பழக்கூடை

தெளிப்பு ஒப்பீட்டை மரத்தை வைத்து அவர்கள் காட்டுவது குறைவு. அறுவடை முடிந்ததும் மரத்தடியில் குவியலாகப் பிரித்து வைத்துத்தான் படம் எடுப்பார்கள்: நல்ல காய், புழுக்காய், சொறி விழுந்தது. குவியலுக்கு முன்னால் ஒரு பலகையில் மரத்தின் எண். மரத்துக்குப் பின்னால் இரண்டு பேர் வெள்ளைப் படுதாவைப் பிடித்து நிற்கும் படங்கள் கவாத்து வகுப்புக்கானவை. கிளை அமைப்பு பின்னாலுள்ள மரங்களோடு கலந்துவிடாமல் இருக்கத்தான் படுதா. அதில் கவாத்துக்கு முன், பின் என்று இரண்டு படம் இருந்தால் தண்டின் அடியிலுள்ள முடிச்சை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். கேமரா இரண்டடி நகர்ந்திருந்தாலே கிளைக் கணக்கு மாறும்.

#6 மயில்துத்தம்

ஆ படம் சுண்ணாம்பு-கந்தகம். கண்ணாடித்தகடு சொன்ன கணக்கை இதற்கும் போடலாம்: காய்ச்சியது செந்தேன் நிறம், தகட்டில் தார் மாதிரி விழும். பாத்திரமும் சாட்சி சொல்கிறது. போர்டோவுக்கு இரும்பு ஆகாது. இதற்கு இரும்புதான் வேண்டும், செம்புப் பாத்திரத்தைத் தின்றுவிடும். மரப் பீப்பாயில் வெள்ளை என்றால் போர்டோ, இரும்புக் கொப்பரையில் கருப்பு என்றால் சுண்ணாம்பு-கந்தகம். இந்த இரண்டு அடையாளமும் ஒத்துப்போனால் பயமில்லாமல் எழுதலாம்.

கெட்டிச் சரக்கு காய்ச்ச ஒரு கணக்கு: சுண்ணாம்பு 50 பவுண்டு, கந்தகம் 100 பவுண்டு, முடிவில் 50 காலன் வரும்படி தண்ணீர். சுண்ணாம்பைக் கொப்பரையிலேயே நீற்ற வைத்து, அது கொதிக்கும்போதே கந்தகத்தைக் கூழாகக் கரைத்து விட்டு, ஒரு மணி நேரம் போலக் கிண்டிக் காய்ச்ச வேண்டும். குறையக் காய்ச்சினால் கந்தகம் மஞ்சளாக அடியில் தங்கும். அளவுக்கு மீறிக் காய்ச்சினால் சாம்பல்பச்சை வண்டல் கூடும். பிறகு ஆறவைத்து போமே மானியை (திரவத்தின் அடர்த்தி காட்டும் மிதவை) மிதக்க விடுவார்கள். 32–33 டிகிரி இருந்தால் குளிர்காலத்தில் இலையில்லாத மரத்துக்கு 1 பங்குக்கு 8 அல்லது 9 பங்கு தண்ணீர், கோடையில் இலை மேல் அடிக்க 1-க்கு 40. மாணவன் கையில் உயரமான கண்ணாடிக் குடுவையும் அதில் மிதக்கும் குச்சியும் தெரிந்தால் அது இந்தப் பாடம்.

காலம் கணிக்கவும் இது உதவும். மேற்கில் குளிர்காலத் தெளிப்பாகச் சான் ஹோசே செதில் பூச்சிக்கு இது பழைய சரக்கு. கோடையில் ஆப்பிள் சொறி நோய்க்கும் அடிக்கலாம் என்று ஆரிகன் வேளாண் கல்லூரியின் கார்ட்லி 1908 வாக்கில் காட்டிய பிறகுதான் போர்டோ பின்வாங்கியது. அதற்கு முந்தைய வருடம், 1907-இல், நியூயார்க் ஜெனீவா ஆய்வு நிலையத்தின் ஹெட்ரிக் போர்டோ செய்யும் கெடுதலை 287-ஆம் வெளியீட்டில் விரிவாக எழுதியிருந்தார். மழை வருடத்தில் போர்டோ பட்ட ஆப்பிள் தோல் சொரசொரப்பாகத் துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும். மரம் பிழைக்கும், பழம் சந்தையில் விலை போகாது. ஆகவே இலையோடு நிற்கும் ஆப்பிள் மரத்துக்கு இந்தக் கருப்புத் திரவத்தை அடிக்கும் படம் என்றால் 1908-க்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வாஷிங்டன் மாநிலத்து மெலாண்டர் 1914-இல் எழுதிய கட்டுரை பூச்சிக்கு மருந்து எதிர்ப்பு வருமா என்று கேட்டது. பூச்சி எதிர்ப்பைப் பற்றிய முதல் கட்டுரையாக அதைத்தான் இன்றும் சொல்கிறார்கள். அவர் பார்த்தது இதே சுண்ணாம்பு-கந்தகத்துக்குச் சாகாத சான் ஹோசே செதில் பூச்சியை.

#7 கரிசல்காடு

ஆ-வும் அ-வும் தெளிந்தன. மருந்து அடிக்கும் படங்களில் ஆண்டைக் கணிக்க வேறு என்ன பார்க்கலாம்?

#8 மயில்துத்தம்

பம்பைப் பாருங்கள். பீப்பாய் மேல் நீளக் கைப்பிடியும் அதை ஒருவர் அடித்துக்கொண்டும் இருந்தால் கைப்பம்பு. 100 பவுண்டு அழுத்தம் தாண்டுவது கஷ்டம். வண்டியில் கனத்த சக்கரத்தோடு பெட்ரோல் எஞ்சின் இருந்தால் 1900-க்குப் பிந்தியது, 150–250 பவுண்டு வரை போகும். நீளக் கோல் மூங்கில்தான், உள்ளே பித்தளைக் குழாய் ஓடும். துப்பாக்கி மாதிரிக் குட்டையான தெளிப்பு முனையைக் கண்டால் 1910-களின் பிற்பாதிக்கு வந்துவிடுங்கள்.

முனையிலிருந்து பனி மூட்டமாக வருகிறதா, விசிறி போலச் சீறுகிறதா என்பதும் விஷயம். காட்லிங் அந்துப்பூச்சிப் புழு பெரும்பாலும் பிஞ்சின் புல்லிவட்டக் குழி வழியாகத்தான் உள்ளே போகும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்லிங்கர்லாந்து 1898-இல் 142-ஆம் வெளியீட்டில் இந்தப் பூச்சியை விரிவாக ஆராய்ந்தார். பூச்சிகளைப் படம் பிடிப்பதில் அன்று அவர் பெயர் பெற்றவர். பூவிதழ் உதிர்ந்து ஒரு வாரம் பத்து நாள் வரை புல்லி இதழ்கள் விரிந்திருக்கும், பிறகு உள்பக்கமாக மூடிக்கொள்ளும். மூடுவதற்குள் குழியில் விஷம் விழுந்தால் புழு வரும்போது உள்ளே தயாராக இருக்கும். மூடிய பிறகு எவ்வளவு அடித்தாலும் வெளியேதான் நிற்கும். திறந்த பிஞ்சு, மூடிய பிஞ்சு என்று இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படங்கள் வெளியீடுகளில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். பிஞ்சு அப்போது வானம் பார்த்து நிற்கும், அதனால் மேலிருந்து விசையோடு அடிக்க வேண்டும். வண்டி மேல் கோபுரம் கட்டி ஆள் நிற்கும் படம் இந்த வேலைக்கு. விஷம் முதலில் பாரிஸ் கிரீன் (செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த பச்சைத் தூள்). பிறகு ஈய ஆர்சனேட். ஜிப்சி அந்துப்பூச்சிக்காக 1892-இல் மாசசூசெட்ஸில் வந்து பழத்தோட்டத்துக்குள் நுழைந்த சரக்கு அது. இரண்டையும் கையுறை கூட இல்லாமல் அடித்திருக்கிறார்கள், படத்திலேயே பார்க்கலாம்.

#9 ஒட்டுக்கத்தி

இ படம் வேர் ஒட்டு வகுப்பு. பனி தெரிகிறது என்றீர்களே, அதுவே பொருத்தம். ஜனவரி, பிப்ரவரியில் உள்ளே உட்கார்ந்து செய்யும் வேலை.

இலையுதிர்காலத்தில் தோண்டி வைத்த ஆப்பிள் நாற்றுகளின் வேரை 3–4 அங்குலத் துண்டாக்குவார்கள். ஒட்டுக்குச்சி 6 அங்குலம் போல. இரண்டிலும் ஒரே சாய்வில் வெட்டி, வெட்டின் நடுவே நாக்குப் பிளந்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். பருமன் ஒத்துவராவிட்டால் ஒரு பக்கத்துப் பட்டையையாவது சரியாகப் பொருத்தியே ஆக வேண்டும். நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் போச்சு. மேசையில் தெரியும் நூல் 18-ஆம் எண் பருத்தி நூல். உருண்டையாகவே உருகிய மெழுகில் முக்கி எடுப்பார்கள். ஐந்தாறு சுற்று சுற்றினால் தானே ஒட்டிக்கொள்ளும், முடிச்சு தேவையில்லை. மண்ணுக்குள் போனால் மட்கிவிடும், தண்டை நெரிக்காது.

கட்டியதை நூறு நூறாகக் கட்டி, ஈர மரத்தூளில் நிலவறையில் வைப்பார்கள். கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அறை சூடாக இருந்தால் வெட்டில் தசை கூடுவதற்குள் மொட்டு வெடித்துவிடும், சேமிப்பெல்லாம் மொட்டுக்குப் போய் ஒட்டு பிரியும். 40–50 டிகிரி பாரன்ஹீட்டில் நின்றால் மெதுவாகக் கூடும். வசந்தத்தில் நடும்போது மேல்மொட்டு ஒன்று மட்டும் வெளியே தெரிய, மீதி மண்ணுக்குள்.

முழு வேரா துண்டு வேரா என்று நாற்றங்காலர்கள் அன்று பெரிய சண்டை போட்டார்கள். படத்தில் ஒரே நாற்றிலிருந்து இரண்டு மூன்று துண்டு வெட்டிக் குவித்திருந்தால் துண்டு வேர்க் கட்சி.

அடுப்பில் தகரக் குவளை இருந்தால் அது ஒட்டு மெழுகு: ரோசின் 4 பங்கு, தேன்மெழுகு 2, மாட்டுக்கொழுப்பு 1, எல்லாம் எடைக் கணக்கு. உருக்கிக் குளிர்ந்த தண்ணீரில் கொட்டி, கையில் கொழுப்புத் தடவிக்கொண்டு, மிட்டாய்க்காரர் பாகு இழுப்பது போல வெளுக்கும் வரை இழுப்பார்கள். ஆனால் அது மரத்தில் நின்று செய்யும் பிளவு ஒட்டுக்கு, மண்ணுக்குள் போகும் வேர் ஒட்டுக்கு அல்ல. இரண்டையும் ஒரே குறிப்பில் குழப்பிவிடாதீர்கள்.

ஈ படத்துக்கும் நானே சொல்லிவிடுகிறேன். ஆரிகனில் கார்ட்னர் 1913-இல் வெளியிட்ட செர்ரி மகரந்த ஆய்வு இந்த வகை வேலை. பிங், லாம்பர்ட், நெப்போலியன் மூன்றும் தன் மகரந்தத்தால் காய்க்காது. தங்களுக்குள் மாற்றி மாற்றிப் போட்டாலும் காய்க்காது என்பதுதான் விவசாயிகள் எதிர்பாராத செய்தி. நல்ல சந்தை ரகம் என்று மூன்றையும் கலந்து நட்டவர்களுக்குப் பூ உண்டு, பழம் இல்லை. பிளாக் ரிபப்ளிகன் மாதிரி வேறு ரகம் இடையில் வேண்டும்.

செய்முறை: பூ விரிவதற்கு முந்தைய நாள், புல்லிக் கிண்ணத்தை நகத்தாலோ கத்தரியாலோ சுற்றி வெட்டினால் இதழும் மகரந்தத் தண்டும் ஒன்றாகக் கழன்றுவரும், சூலகம் மட்டும் நிற்கும். சூல்தண்டில் நகம் பட்டால் அந்தப் பூ போனது. மகரந்தப் பையை முதல்நாளே காகிதத்தில் பரப்பி உலர்த்தினால் தூள் கொட்டும். ஒன்றிரண்டு நாளில் சூல்முடி பளபளவென்று ஒட்டும் நிலைக்கு வரும்போது தூரிகையாலோ விரல் நுனியாலோ வைக்க வேண்டும். உங்கள் படத்தில் எல்லாக் கொத்துக்கும் பை இருந்தாலும், எல்லாவற்றிலும் மகரந்தம் வைத்ததாக எழுதாதீர்கள். தன் மகரந்தச் சோதனைக்குச் சில கொத்துகளைத் தொடாமலே பை போட்டு விடுவார்கள்.

#10 கரிசல்காடு

பிங் என்பது சீனப் பெயரா?

#11 ஒட்டுக்கத்தி

ஆமாம். ஆரிகன் மில்வாக்கியில் லெவெலிங் தோட்டத்துச் சீன மேஸ்திரி ஆ பிங் பெயர். ரகம் 1870-களில் வந்தது.

#12 பழக்கூடை

உ படத்துக்கு வருகிறேன். மேற்குப் பக்கப் பெட்டியின் உள்ளளவு நீளம் 18, அகலம் 11½, ஆழம் 10½ அங்குலம். கிழக்கில் அப்போது பீப்பாய்தான் ஆட்சி. ஆகவே பெட்டி வகுப்பு என்றாலே ஆரிகன், வாஷிங்டன் பக்கத்து முறை.

மேசை சாய்வாக இருப்பதும் மேலே சாக்குத்துணி கட்டியிருப்பதும் பழம் அடிபடாமல் கைக்கு உருண்டு வரத்தான். பெட்டிக்குப் பக்கத்தில் காகிதத் தாங்கி இருக்கும். ஒரு கை காகிதம் எடுக்க, இன்னொரு கை பழம் எடுக்கும். அடுக்குவது மூலைவாட்டில். நேர்வரிசையில் அடுக்கினால் பழத்தின் மேல் பழம் நேராக உட்கார்ந்து, மூடி அடிக்கும்போது நசுங்கும். மூலைவாட்டில் வைத்தால் கீழடுக்கின் பள்ளத்தில் மேலடுக்கு உட்காரும்.

திறந்த பெட்டி ஒன்று தெளிவாக இருந்தால் மொத்தப் பழத்தை எண்ணிவிடலாம். உதாரணம்: மேலடுக்கில் ஐந்து வரிசை, குறுக்கே 3, 2 என்று மாறி வரும் 3-2 முறை; மூன்று வரிசையில் 7, இரண்டில் 6. ஆக 33. அடுத்த அடுக்கு மாறி விழும்: மூன்றில் 6, இரண்டில் 7, ஆக 32. ஐந்து அடுக்கு என்றால் 33, 32, 33, 32, 33. மொத்தம் 163. பெட்டி ஓரத்தில் 163 என்று முத்திரை இருந்தால் கணக்கு சரி. பெரிய பழம் என்றால் 2-2, நான்கு அடுக்கு. வரிசைக்கு 5, 6 என்று மாறி வந்தால் அடுக்குக்கு 22, மொத்தம் 88.

மேல் கீழ் இரண்டு பலகையும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் போலப் புடைத்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் ரயிலில் போகப் போகப் பழம் சுருங்கித் தளர்ந்து உருளும். புடைப்பு இருப்பதால் பெட்டியைப் பக்கவாட்டில்தான் அடுக்குவார்கள். படத்தில் பின்னால் பெட்டிகள் புடைப்பே இல்லாமல் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்தால் அவை பெரும்பாலும் காலிப் பெட்டிகள்.

#13 கரிசல்காடு

எண்ணிப் பார்த்தேன். 3-2 தான். ஆனால் பெட்டி ஓரத்து எழுத்து எந்த மொழி என்றே தெரியவில்லை.

#14 கண்ணாடித்தகடு

கண்ணாடியில் காட்டிப் படியுங்கள், படம் இடம் வலம் மாறியிருக்கும். ஆண்கள் கோட்டையும் பாருங்கள்: இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் ஏறிப் பொத்தான் போட்டிருக்க வேண்டும். எதிராக இருந்தால் தகட்டைப் புரட்டி ஸ்கேன் செய்துவிட்டார்கள். நெகட்டிவில் மங்கலான பக்கம்தான் பூச்சுப் பக்கம், பளபளப்பது வெறும் கண்ணாடி.

வகுப்பில் காட்டிய லாந்தர் வில்லை (விளக்கொளியில் திரையில் காட்டும் கண்ணாடிப் படம்) என்றால் இன்னொரு அடையாளம் உண்டு. அமெரிக்க அளவு 3¼ × 4 அங்குலம், இங்கிலாந்து அளவு 3¼ × 3¼ சதுரம். சரியாகப் பிடித்துப் பார்க்கும்போது கீழ் இடது மூலையில் ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். விளக்குப் பெட்டியில் தலைகீழாகச் செருகும்போது இயக்குபவரின் கட்டைவிரல் அதில் படும், இருட்டிலும் தப்பு வராது. வில்லையில் நிறம் இருந்தால் பெரும்பாலும் கையால் தீட்டியது. அந்தச் சிவப்பை வைத்து ரகம் சொல்லக் கூடாது.

தகடு கையில் கிடைப்பவர்களுக்கு: பூச்சுப் பக்கத்தில் ஈரத்துணி வேண்டவே வேண்டாம், ஊதுபந்து போதும். நீளப் பக்கம் கீழே வர நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போட்டு அடுக்கினால் அடித்தகடு விரியும். ஓரத்தில் கண்ணாடி போல வெள்ளி மின்னினால் அது வெள்ளி மேலே வந்திருப்பது, துடைத்தால் படமும் போகும். ஸ்கேனரைவிட ஒளிமேசை மேல் வைத்துக் கேமராவால் எடுப்பது தகட்டுக்குப் பத்திரம். எடுக்கும்போது தகட்டின் நான்கு ஓரமும் சட்டத்துக்குள் வரட்டும். ஓரத்தில் கீறிய எண்ணை வெட்டிவிட்டால் பதிவேட்டோடு சேர்க்க வழியே இருக்காது.

#15 கரிசல்காடு

புரட்டிவிட்டேன். 163 என்றுதான் இருக்கிறது. பின்னால் இருக்கும் பெட்டிகள் படுக்கையாகத்தான் கிடக்கின்றன, காலிப் பெட்டி என்றே எழுதுகிறேன். ஊ படத்தில் வெறும் மரத்தில் வெண்புள்ளி இதுவரை 41.